இசைத்தட்டை விற்கத்தான் வேண்டும்

பொத்திப் பொத்திப் பாதுகாத்த இசைத்தட்டுகளை ஒருவர் விற்கப்போகிறார் என்று தெரிந்தால் நம் ஊர்களில் முதலில் துக்கம் விசாரிப்பார்கள். "என்னண்ணே, அவ்ளோ கஷ்டமா?" கஷ்டமெல்லாம் இல்லை என்று சொன்னால் அடுத்த நிமிஷமே குரலில் கண்டிப்பு ஏறிவிடும். "அப்ப எதுக்கு விக்கிறீங்க? ஏதாச்சும் லைப்ரரிக்குக் குடுத்தா புண்ணியமாப் போகும். இல்லேன்னா பேரப்பிள்ளைங்களுக்கு இருக்கட்டும். பாட்டுக்குப் போயி விலை பேசலாமா?" தேசூர் டீக்கடையில் சொல்வதும் இதுதான், சென்னையில் சபா வாசலில் நின்று படித்தவர்கள் சொல்வதும் இதுதான். சேகரித்தவன் தானம் செய்யலாம், வாரிசுக்கு விடலாம், கடைசிவரை வைத்துக்கொண்டே கண்ணை மூடலாம். விற்றால் மட்டும் அவன் இத்தனை நாள் ரசிகன் வேஷம் போட்ட வியாபாரி ஆகிவிடுகிறான்.

இந்தக் கருத்து தவறு. இசைமீது வைத்த மரியாதைபோல அது தோன்றுவதால் யாரும் எதிர்த்துப் பேசுவதில்லை. அதனால் அது செய்கிற கேடும் கண்ணுக்குத் தெரிவதில்லை. தமிழ்நாட்டு வீடுகளில் இசைத்தட்டுகள் அழிந்த கதையைக் கேட்டுப் பாருங்கள். கறையான் அரித்தது, வெயிலில் நெளிந்தது, வீடு மாறும்போது காயலான் கடைக்குப் போனது என்பார்கள். அதற்கு முன்னால் நடந்ததை யாரும் சொல்ல மாட்டார்கள். விற்கக் கூச்சம், கொடுக்க மனமில்லை, கேட்க ஆளில்லை என்று தட்டுகள் பரணில் கிடந்த வருஷங்கள் அவை. கறையான் வந்தது அதற்குப் பிறகுதான்.

முதலில் அந்தக் கூச்சத்தை எடுத்துக்கொள்வோம். பாட்டுக்கு விலை பேசுவது இழிவு என்கிறார்கள். 1902இல் கிராமபோன் கம்பெனியின் ஃப்ரெட் கெய்ஸ்பெர்க் கல்கத்தாவில் கௌஹர் ஜானைப் பாடவைத்துப் பதிவு செய்தது இந்துஸ்தானி இசையைக் காப்பாற்றும் எண்ணத்தில் அல்ல. பாட்டுப்பெட்டி விற்க வேண்டுமென்றால் உள்ளூர்ப் பாட்டு வேண்டும் என்ற கணக்கு அது. பதிவான மெழுகுத் தட்டுகள் கப்பலேறி ஜெர்மனியின் ஹானோவர் ஆலைக்குப் போயின. அங்கே அச்சாகி மறுபடி கப்பலேறி வந்தன. பாடியவர் யார் என்று அந்த ஆலைக்காரர்களுக்குத் தெரியவேண்டும் என்பதற்காகத்தான் பாட்டு முடிந்ததும் கௌஹர் ஜான் ஆங்கிலத்தில் தன் பெயரைச் சொல்லி முடிப்பார். 1908இல் கல்கத்தாவிலேயே ஆலை வந்தது. சோட்டா நாக்பூர் காட்டு மரங்களில் பூச்சி கட்டிய அரக்கு, அந்தத் தட்டுகளுக்குள் போயிற்று.

தெற்கே நடந்ததும் கடை வியாபாரம்தான். காரைக்குடியில் இசைத்தட்டு விற்றுக்கொண்டிருந்த ஏ.வி. மெய்யப்பன் 1930களின் தொடக்கத்தில் கூட்டாளிகளோடு சென்னையில் சரஸ்வதி ஸ்டோர்ஸைத் தொடங்கி, ஓடியன் முத்திரையில் தட்டுகளைக் கொண்டுவந்தார். ஏவி.எம். என்ற பெரிய பெயருக்கு அடித்தளம் தட்டு விற்ற காசு. நாடகமேடைப் பாடகர் எஸ்.ஜி. கிட்டப்பா 1933இல் இருபத்தேழு வயதில் போய்ச் சேர்ந்தார். பாடகி என்.சி. வசந்தகோகிலம் 1951இல் போனார். வீணை தனம்மாள் 1938இல் மறைவதற்குச் சில வருஷம் முன்னால் கொலம்பியா கம்பெனிக்காக வாசித்த சில தட்டுகள் இல்லையென்றால் அந்த விரல்களைப் பற்றி நாம் கேள்விப்பட மட்டுமே முடிந்திருக்கும். இவர்களுடைய நாதம் நமக்கு மிஞ்சியதற்குக் காரணம் யாரோ விற்க நினைத்தார்கள், யாரோ சம்பளத்தில் மிச்சம் பிடித்து வாங்கினார்கள் என்பதுதான். விலையோடு பிறந்து, விலையால் ஊர் ஊராகப் பரவி, விலை கொடுத்தவர் வீட்டில் பத்திரமாக இருந்த பொருள் என் கையை விட்டுப் போகும்போது மட்டும் ஏன் விலையில்லாமல் போக வேண்டும்?

எங்கள் பக்கத்துக்கு இசைத்தட்டு வந்த வழியைச் சொன்னால் இது இன்னும் தெளியும். செஞ்சி, தேசூர், வந்தவாசி வட்டாரத்தில் வீட்டில் கிராமபோன் வைத்திருந்தவர்கள் விரல்விட்டு எண்ணத் தக்கவர்கள். கிராமத்தான் இசைத்தட்டுப் பாட்டைக் கேட்டது மைக் செட்காரர் தயவில். கல்யாணம், மஞ்சள் நீராட்டு, கூழ் ஊற்றும் திருவிழா, கட்சிக் கூட்டம் எதுவானாலும் முதல் நாள் சாயந்திரமே தென்னை மரத்தில் குழாய் கட்டிவிடுவார்கள். அந்த மைக் செட்காரர்கள்தான் இந்த வட்டாரத்தின் உண்மையான இசைத்தட்டுச் சேகரிப்பாளர்கள். புதுப் படம் வந்தால் விழுப்புரத்துக்கோ திண்டிவனத்துக்கோ பஸ் ஏறிப் போய் வாங்கிவருவார்கள். போட்ட முதலை நாலு கல்யாணத்தில் எடுக்க வேண்டும். ஒலிநாடா வந்து தட்டின் பிழைப்பு முடிந்தபோது அவர்களிடமிருந்து வாங்கியவர்களில் நானும் ஒருவன்.

அப்படி வந்த தட்டுகளில் 1960இல் வெளியான 'ராஜா தேசிங்கு' படப் பாட்டுகளும் உண்டு. எம்.ஜி.ஆர். நடித்து ஜி. ராமநாதன் இசையமைத்த படம். எங்கள் செஞ்சிக் கோட்டையின் கதை என்பதால் இந்தப் பக்கத்துக் குழாய்களில் அது ஓயாமல் பாடியிருக்கிறது. தட்டைப் பார்த்தாலே தெரியும். கறுப்பாகப் பளபளக்க வேண்டிய பள்ளங்கள் இரும்பு ஊசி உழுது சாம்பல் பூத்துக் கிடக்கின்றன. ஓரத்தில் நகக்கண் அளவு சில்லு பெயர்ந்திருக்கிறது. பழுப்புக் காகித உறையில் கடையின் ரப்பர் முத்திரை, கீழே பென்சிலில் மைக் செட்காரர் எழுதிய குறிப்பு: எந்த ஊர், யார் வீட்டு விசேஷம், வாடகை பாக்கி எவ்வளவு. சாமர்த்தியமான வியாபாரி இந்த உறையைக் கிழித்துப் போட்டுவிட்டுப் புது உறை மாட்டுவான். எனக்கு உறைதான் பாதித் தட்டு. ஒரு வட்டாரம் எதைக் கேட்டு, எப்போது கேட்டு, எவ்வளவு கடன் சொல்லிக் கேட்டது என்பதற்கு அரசாங்கப் பதிவேடு எதுவும் கிடையாது. இந்தப் பென்சில் குறிப்பு இருக்கிறது. இதைப் படிக்கத் தெரிந்தவர் கையில் இது போய்ச் சேர வேண்டும். அந்த ஆள் எங்கே இருக்கிறார் என்று நான் எப்படிக் கண்டுபிடிப்பது? விலை சொன்னால் அவரே வருவார். விலை சொன்ன பிறகு வந்தவர்களில்தான், உள்ளே இருந்த தட்டை ஓரம் வைத்துவிட்டு உறையை முதலில் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தவரை நான் சந்தித்தேன்.

அடுத்து, தானம். இதுதான் எதிர்த்தரப்பின் பலமான வாதம். பொதுச் சொத்தாக்கிவிட்டால் எல்லோருக்கும் பயன்படுமே என்கிறார்கள். நல்ல எண்ணம்தான். ஆனால் இசைத்தட்டு புத்தகம் இல்லை. புத்தகத்தை அலமாரியில் வைத்தால் வருகிறவர் எடுத்துப் படித்துவிடலாம். தட்டுக்குச் சுழலும் கருவி வேண்டும், ஊசி வேண்டும். 78 சுற்றுத் தட்டின் பள்ளம் அகலம், எல்.பி.க்கான ஊசியை அதில் வைத்தால் அடியில் உள்ள தூசியைச் சுரண்டிக்கொண்டு போகும், பாட்டு இரைச்சலாக வரும். எல்.பி. வினைலைத் துடைக்கிற ஆல்கஹால் கலந்த திரவத்தை அரக்குத் தட்டில் தெளித்தால் தட்டே கரையும். எல்லாத் தட்டையும் நெட்டுக்குத்தாக நிறுத்தி வைக்க வேண்டும். படுக்கப் போட்டு அடுக்கினால் அடியில் உள்ளது எடை தாங்காமல் விரிசல் விடும். இதெல்லாம் தெரிந்த ஓர் ஆள் சம்பளத்துக்கு இருக்க வேண்டும். நம் ஊர் நூலகங்களில் புத்தகம் அடுக்கவே ஆள் போதவில்லை.

எனக்குத் தெரிந்த பெரியவர் ஒருவர் தன் தட்டுகள் அத்தனையையும் ஒரு நிறுவனத்துக்கு இலவசமாகக் கொடுத்தார். பொன்னாடை போர்த்தினார்கள், போட்டோ எடுத்தார்கள். சில வருஷம் கழித்து ஒரு பாட்டைக் கேட்கவேண்டும் என்று அவரோடு நானும் போனேன். உடைந்த நாற்காலிகள் போட்டிருந்த அறையில் அட்டைப்பெட்டிகள் ஒன்றன்மேல் ஒன்றாகப் படுத்திருந்தன. பெட்டியின் கட்டுக்கூட அவிழ்க்கப்படவில்லை. அவர் கட்டிய சணல், அவர் போட்ட முடிச்சு. அங்கிருந்தவர்கள் கெட்டவர்கள் இல்லை. வந்ததை வாங்கி வைத்தார்கள், அவ்வளவுதான். பணம் கொடுத்து வாங்கியிருந்தால் கணக்குத் தணிக்கைக்காவது பெட்டியைப் பிரித்து எண்ணியிருப்பார்கள்.

விலை கொடுத்து வாங்குகிறவர் முதலில் பட்டியல் கேட்பார். பிறகு ஒவ்வொரு தட்டையும் ஓரத்தில் பிடித்து, டியூப்லைட் வெளிச்சத்துக்குச் சாய்த்து, மயிரிழை விரிசல் இருக்கிறதா என்று பார்ப்பார். லேபிளைச் சுற்றிப் பாட்டு முடியும் இடத்தில் பொறித்த எண்ணைப் படித்து, இது முதல் அச்சா பின்னால் வந்ததா என்று சொல்வார். எங்கே வாங்கியது, யார் வைத்திருந்தது என்று துருவித் துருவிக் கேட்பார். அத்தனையும் அவருடைய பணத்துக்கான பயம். அந்தப் பயம்தான் தட்டுக்குக் காவல். இலவசமாக வாங்கிக்கொள்கிறவருக்கு இதில் ஒரு கேள்வி கேட்கவும் அவசியம் இல்லை.

இதற்குத் தமிழ்நாட்டில் பெரிய சாட்சி கோட்டையூர் ரோஜா முத்தையா. பெயர்ப் பலகை எழுதிப் பிழைத்த மனிதர், ஒரு லட்சத்தைத் தொடும் அளவுக்குப் புத்தகங்களும் இதழ்களும் நாடக நோட்டீஸ்களும் திருமண அழைப்பிதழ்களும்கூடச் சேர்த்து வைத்தார். 1992இல் அவர் காலமானார். அந்தத் தொகுப்பு தானமாகப் போகவில்லை. சிகாகோ பல்கலைக்கழகம் அவருடைய குடும்பத்துக்கு விலை கொடுத்து வாங்கியது. வாங்கியதை அமெரிக்காவுக்கு அள்ளிக்கொண்டும் போகவில்லை. 1994இல் சென்னையிலேயே ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் உருவானது. இன்றைக்குத் தமிழ்ச் சமூக வரலாறு எழுதுகிற எவரும் அங்கே போகாமல் எழுத முடியாது. விலை கொடுத்த பல்கலைக்கழகத்துக்கு அந்தக் காகிதங்களை நுண்படம் எடுக்க வேண்டிய, அட்டவணை போட வேண்டிய பொறுப்பு வந்தது. குடும்பமும் வெறுங்கையோடு நிற்கவில்லை. அந்த விற்பனையை யாராவது துரோகம் என்று சொல்வார்களா? அதையே ஓர் இசைத்தட்டுக்காரன் செய்தால் மட்டும் முகம் சுளிப்பது ஏன்?

வாரிசுகள் விஷயத்தில் நீட்டிப் பேச எனக்கு விருப்பமில்லை. பிள்ளைகள் பெங்களூரிலோ சிங்கப்பூரிலோ வாடகை வீட்டில் இருக்கிறார்கள். அப்பாவின் தட்டுகளை வைக்க இடமில்லை, போடக் கருவியில்லை. தூக்கிப் போடவும் மனம் வராமல் குற்ற உணர்ச்சியோடு தவிக்கிறார்கள். கேட்க ஆசை இல்லாத பிள்ளைக்குத் தட்டை விட்டுப் போவது சொத்து இல்லை, சுமை. ஆசை இருக்கிற பிள்ளை வாய்த்தவர்கள் விற்க வேண்டியதில்லை. அவர்களைப் பற்றி நான் பேசவும் இல்லை.

"நம்ம ஊரு பொருள் வெளியூருக்குப் போவுதே" என்று ஒரு வருத்தம் சொல்கிறார்கள். எங்கள் சீயமங்கலத்தில் குன்றைக் குடைந்து முதலாம் மகேந்திரவர்ம பல்லவன் எடுத்த சிவன் கோயில் இருக்கிறது, அவனிபாஜன பல்லவேஸ்வரம். அதன் தூணில் ஆடுகிற சிவன், தமிழகக் கற்சிற்பத்தில் நமக்குக் கிடைத்த மிகப் பழைய ஆடவல்லான் வடிவங்களில் ஒன்று. குன்றின்மேல் சமணச் சிற்பமும் ஒன்பதாம் நூற்றாண்டின் இறுதியைச் சேர்ந்த கங்கர் காலக் கல்வெட்டும் உண்டு. இவை ஊர்ச் சொத்து. பாறையிலிருந்து பிரிக்க முடியாதவை, இந்த இடத்துக்கென்றே செதுக்கப்பட்டவை. ஒரு சில்லுகூட இங்கிருந்து போகக் கூடாது என்று சண்டை போடுகிறவர்களில் நான் முதல் ஆள். ஆனால் இசைத்தட்டு அந்த இனம் இல்லை. பீகார்ப் பக்கத்து அரக்கு, கல்கத்தா ஆலை, இங்கிலாந்துக்காரன் கம்பெனி, மதராஸில் பாடிய குரல், திண்டிவனம் கடை என்று பல கை மாறித்தான் அது தேசூர்க் குழாய்க்கு வந்தது. கல்லைப் பெயர்த்தால் சிற்பம் சாகும். கை மாறாமல் ஒரே மூலையில் கிடந்தால் தட்டு சாகும்.

அதோடு, எல்லாவற்றையும் ஒரே கூரையின் கீழ் கொண்டுபோய் வைப்பதைப் பற்றி வரலாறு நமக்கு நல்ல செய்தி சொல்லவில்லை. 1981இல் யாழ்ப்பாணம் நூலகத்தோடு எரிந்தவற்றில் பலவற்றுக்கு வேறெங்கும் இரண்டாம் படி கிடையாது. 2008இல் ஹாலிவுட்டில் யுனிவர்சல் வளாகம் எரிந்தபோது மூல ஒலிநாடாக்கள் பொசுங்கின. அந்த நஷ்டத்தின் அளவு வெளியே தெரியவே பத்து வருஷத்துக்கு மேல் ஆயிற்று. அந்தப் பாட்டுகளில் எத்தனையோ இன்றும் கேட்கக் கிடைக்கின்றன என்றால், உலகம் முழுக்க ஆயிரக்கணக்கான வீடுகளில் விலைக்கு வாங்கிய தட்டு இருக்கிறது என்பதால்தான். நம் நாட்டிலும் அதே கதை. பம்பாயில் 1935 முதல் இருபது வருஷம் தட்டு வெளியிட்ட 'யங் இந்தியா' கம்பெனி மூடிப் போனது. அதன் தட்டுகளையும் ஓடியன் தட்டுகளையும் பிரிட்டிஷ் நூலகத்தின் அழியும் ஆவணங்கள் திட்டத்தில் கணினியில் ஏற்றியபோது, அந்தத் தட்டுகள் வந்தது தனி மனிதர்களின் அலமாரிகளிலிருந்து. இந்திய இசைத்தட்டுச் சேகரிப்பாளர் சங்கத்தின் சுரேஷ் சாந்த்வாங்கர் அந்த வேலையை முன்னின்று செய்தார். தனி மனிதர்களின் அலமாரிக்குத் தட்டு வந்த வழி, பம்பாயின் சோர் பஜார் போன்ற பழைய பொருள் சந்தைகள். சென்னைக்காரர்களுக்கு 1985இல் எரிந்து போகும்வரை மூர் மார்க்கெட். புதுச்சேரியில் காந்தி வீதி ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் நானும் குனிந்து குனிந்து பொறுக்கியிருக்கிறேன். சந்தை இருந்ததால் சேகரிப்பு இருந்தது. சேகரிப்பு இருந்ததால் ஆவணம் கிடைத்தது. சந்தையை மட்டும் அசிங்கம் என்று ஒதுக்கிவிட்டு ஆவணத்தைக் கொண்டாட முடியாது.

இன்னொரு கூட்டம் இருக்கிறது. எல்லாம் யூடியூப்பில் கிடைக்கிறதே, இந்தப் பிளேட்டை யார் வாங்குவார்கள் என்று கேட்கிறவர்கள். இவர்களோடு வாதாடக் கொஞ்சம் விவரம் வேண்டும். ஆரம்பகாலத் தட்டுகள் எல்லாமே நிமிஷத்துக்குச் சரியாக 78 சுற்று என்று பதிவானவை அல்ல. சில 74, சில 80. எழுபத்து நாலில் பதிவான தட்டை எழுபத்தெட்டில் ஓட்டினால் பாடகரின் சுருதி ஏறக்குறைய அரைக் கட்டை ஏறிவிடும். காலப்பிரமாணம் ஓடும், குரலில் கனம் குறையும். அப்படி ஏறிய பதிவைக் கேட்டுவிட்டு அந்தக் காலத்தவர் எல்லாம் கீச்சுக் குரலில் வேகவேகமாகப் பாடினார்கள் என்று இன்றைக்குக் கட்டுரை எழுதுகிறார்கள். யூடியூப்பில் ஏற்றியவர் எந்த வேகத்தில் ஓட்டினார், எந்த ஊசி போட்டார், இரைச்சலைக் குறைக்கிறேன் என்று தம்புராவையும் சேர்த்து வழித்துப் போட்டாரா என்று கேட்பவருக்குத் தெரியாது. மூலத் தட்டு இருந்தால் நாளைக்கு இன்னும் நல்ல கருவியோடு மறுபடி எடுக்கலாம். இணையத்தில் ஏற்றியது நிலைக்கும் என்ற நம்பிக்கையும் வீண். 2017இல் 78 சுற்றுத் தட்டுகளை லட்சக்கணக்கில் கணினியில் ஏற்ற இன்டர்நெட் ஆர்க்கைவ் ஒரு பெரிய திட்டத்தைத் தொடங்கியது. 2023இல் பெரிய இசைக் கம்பெனிகள் அதன்மேல் வழக்குப் போட்டன. ஒரு வழக்கில், ஒரு கடவுச்சொல்லில் நாளைக்குக் காணாமல் போகக்கூடியதை நம்பித் தட்டைத் தூக்கிப் போடுகிறவர்கள் தயவுசெய்து யாருக்காவது விற்றுத் தொலைக்கட்டும்.

இந்தச் சுருதி விவரம் எங்கே எழுதியிருக்கிறது? லேபிளில் இல்லை. பல வருஷம் கேட்டுக் கேட்டு, இந்த வித்வானுக்கு இன்ன கட்டை, இந்தத் தட்டு இன்ன வேகம் என்று சேகரித்தவர் மண்டையில் இருக்கிறது. எந்தப் பாட்டுக்கு லேபிளில் ராகம் தப்பாக அச்சாகியிருக்கிறது, எந்தத் தட்டில் பக்கம் மாற்றி ஒட்டியிருக்கிறது என்பதும் அங்கேதான் இருக்கிறது. வி.ஏ.கே. ரங்காராவ் போன்றவர்கள் தாங்கள் அறிந்ததைப் பத்திரிகைகளில் எழுதிவைத்தார்கள். எல்லோரும் எழுதுகிறவர்களா? ஆகவே நான் சொல்கிறேன்: உயிரோடு இருக்கும்போதே விற்க வேண்டும். வாங்குகிறவரை எதிரில் உட்காரவைத்து, தட்டைப் போட்டுக் காட்டி, இதை இந்த வேகத்தில் கேளுங்கள் என்று சொல்லிக்கொடுத்து விற்க வேண்டும். பதின்மூன்றாம் நாள் காரியம் முடிந்ததும் பிள்ளைகள் யாரிடமோ மொத்தமாகத் தள்ளிவிடுகிற தட்டில் இந்த அறிவு ஒரு துளிகூட ஒட்டியிருக்காது.

நியாயமான ஆட்சேபணை ஒன்று உண்டு. அதை நான் மதிக்கிறேன். வியாபாரி கையில் போனால் தொகுப்பு சிதறிவிடும், இளையராஜா எல்.பி.களை மட்டும் உருவிக்கொண்டு மிச்சத்தைக் குப்பையில் போடுவான். இன்னும் மோசமாக, தட்டைச் சூடாக்கி வளைத்துக் கிண்ணம் செய்வான், நடுவில் முள் பொருத்திச் சுவர்க்கடிகாரம் செய்து ஓட்டலுக்கு விற்பான் என்கிறார்கள். நடக்கிறதுதான். எடைக்குப் போடுவதும், பட்டியல் இல்லாமல் குத்துமதிப்பாக ஒரு தொகைக்குத் தள்ளுவதும் விற்பனையே அல்ல, அது கைகழுவுதல். நான் வாதாடுவது முறையாக விற்பதற்கு. மானமுள்ள விற்பனையை ஊர் கேவலமாகப் பார்ப்பதால்தான் ஆட்கள் ராத்திரியோடு ராத்திரியாகக் கிடைத்த விலைக்குத் தள்ளிவிட்டு வாயை மூடிக்கொள்கிறார்கள்.

முறை என்றால் என்ன? பட்டியலில் ஆரம்பிக்க வேண்டும்: கம்பெனி, தட்டு எண், பள்ளத்துக்கு அப்பால் பொறித்த எண், பாடியவர், தட்டின் நிலை, உறையின் நிலை. நிலையை எழுதும்போது மனச்சாட்சி வேண்டும். கீறலை மறைத்தால் அடுத்த பெட்டிக்கு ஆள் வராது. அபூர்வமானதைக் கணினியில் ஏற்றிவிட்டுத்தான் கைமாற்ற வேண்டும். இந்தியச் சட்டப்படி ஒலிப்பதிவின் உரிமை வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 வருஷம்; பாட்டெழுதியவர், மெட்டமைத்தவர் உரிமை அதிலிருந்து தனி. வெளியிடும் எண்ணம் இருந்தால் இரண்டையும் பார்த்துக்கொள்ள வேண்டும், சொந்தக் காப்புக்கு எடுத்து வைப்பதில் தயங்க வேண்டாம். எது பிரியக் கூடாது, எது பிரியலாம் என்பதைச் சேகரித்தவரே தீர்மானிக்க வேண்டும். ஒரே வித்வானின் தட்டுகள், ஒரு மைக் செட்காரரின் குறிப்புள்ள உறைகள், இவை கட்டாகப் போகட்டும். எல்லோர் வீட்டிலும் இருக்கும் பக்திப் பாடல் எல்.பி.யும் சினிமா ஈ.பி.யும் தனித்தனியாகப் போவதில் ஒரு நஷ்டமும் இல்லை. முதன்முதலாகக் கருவி வாங்கியிருக்கிற கல்லூரிப் பையன் அதைத்தான் வாங்குவான். இருநூறு தட்டுக்குச் சேர்த்து விலை சொன்னால் அவன் வாசலிலேயே திரும்பிவிடுவான்.

மொத்தமாக ஒரே ஆள்தான் வாங்கவேண்டும் என்ற பிடிவாதம் என்ன செய்யும் என்பதற்கு அமெரிக்காவில் பிட்ஸ்பர்க் நகரத்து பால் மாவினியைப் பார்க்கலாம். முப்பது லட்சம் தட்டு வைத்திருந்தவர், பிரிக்காமல் வாங்கும் ஆளுக்காகப் பல வருஷம் காத்திருந்தார். 2008இல் இணைய ஏலத்தில் வந்த பெரிய விலை பொய்யாகிப் போனது. கடைசியில் 2013இல் பிரேசில்காரர் ஜீரோ ஃப்ரெய்ட்டஸ் வாங்கினார். அப்படி ஒரு ஆள் எல்லோருக்கும் கிடைக்க மாட்டார்.

விலையைப் பற்றியும் தெளிவாக இருக்க வேண்டும். அமெரிக்காவில் 2020இல் இசைத்தட்டு விற்பனைப் பணம் குறுந்தகட்டை மிஞ்சியது, 1986க்குப் பிறகு முதல் முறையாக. அந்தச் செய்தி வந்ததிலிருந்து பரணில் இருக்கிற ஒவ்வொரு தட்டும் லட்சம் பெறும் என்று சிலர் நம்பத் தொடங்கிவிட்டார்கள். அதுவும் தட்டைப் பரணிலேயே சாகவைக்கிற நம்பிக்கைதான். ஊருக்கு ஊர் கிடக்கிற தட்டுக்குச் சாப்பாட்டுச் செலவு அளவுக்குத்தான் விலை. நன்றாக இருக்கும் எக்கோ கம்பெனி இளையராஜா தட்டுக்கு அதைவிடக் கூடுதல். 1920களின் நாடகப் பாட்டுத் தட்டைக் கேட்கிற ஆளைத் தேட வேண்டும், தேடிக் கிடைத்தால் அவர் பேரம் பேச மாட்டார். ஆவணக் காப்பகமோ ஆராய்ச்சி மாணவரோ வந்தால் குறைத்துக் கொடுப்பேன். குறைத்துத்தான் கொடுப்பேன், சும்மா கொடுக்க மாட்டேன். காரணத்தை மேலே சொல்லிவிட்டேன், அந்தச் சணல் முடிச்சில்.

கடைசியாக, "வித்த காசை என்ன பண்ணப் போறீங்க?" என்று கேட்கிறார்கள். ஏதாவது நல்ல காரியத்துக்குக் கொடுக்கிறேன் என்று சொன்னால் மன்னித்துவிடத் தயாராக இருக்கிறார்கள். நிலம் விற்றவனை, மாடு விற்றவனை யாரும் இப்படிக் கேட்பதில்லை. தட்டு வாங்கிய நாட்களில் என் வீட்டில் தள்ளிப்போன செலவுகள் என் மனைவிக்குத் தெரியும். மழைக்காலத்தில் உறையில் பூஞ்சை பிடிக்காமல் ஒவ்வொன்றாக எடுத்து நிழலில் உலர்த்தியதும், போர் தண்ணீரில் கழுவினால் உப்புப் படியும் என்று வடித்த நீர் வாங்கிவந்து துடைத்ததும் அவர்தான். எனக்குக் கிடைத்த ரசிகன் பட்டத்தில் அவருக்குப் பங்கு கொடுக்க யாருக்கும் தோன்றவில்லை. காசில் அவருக்குத்தான் முதல் பங்கு. அதற்கு நான் எந்த நல்ல காரியத்தின் பெயரையும் துணைக்கு அழைக்கப் போவதில்லை.

பட்டியல் முடிந்துவிட்டது. எல்.பி.களை உறையிலிருந்து எடுத்துப் பக்கத்தில் வைத்துத்தான் கட்டவேண்டும், உள்ளேயே விட்டால் வழியில் ஆடி உறையின் ஓரத்தைக் கிழித்துவிடும். 78 தட்டுகளை நம்பிக்கையான ஆள் நேரில் வந்து காரில் எடுத்துப் போவதாக இருந்தால்தான் கொடுப்பேன். பார்சல் ஆபீஸ் மூட்டையோடு அவற்றை அனுப்புவதில்லை. அக்னி நட்சத்திரம் கழியும்வரை எந்தப் பெட்டியும் வீட்டை விட்டு நகராது, எவ்வளவு அவசரப்பட்டாலும் சரி.